தேதி முத்திரை

எல் ஆல்ட்டோவில் ஜூன் மாதம்
பேனாவைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்திருந்தால்தான் எழுதும்.
விடியுமுன் வரிசை வந்துவிடும்,
ஆட்கள் அல்ல, அவர்கள் வைத்துவிட்டுப் போன பைகளும் செங்கற்களும்.
ஆட்கள் சுவரோரம்
ஊதாச் சோளக் கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பார்கள்.

நான் இரண்டாம் சன்னல்.
பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.
பதினேழு வருஷமாக
இந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வாசல் என்பது
என் தலைகூட நுழையாத இந்த ஓட்டைதான்.

புகைப்படத்தின் பின்னணி சிவப்பாக இருக்க வேண்டும்.
ரோஸ் சிவப்பு ஆகாது.
பள்ளிச் சான்றிதழில் லிமாச்சி,
பிறப்புச் சான்றிதழில் லிமாசி என்றால்
நீங்கள் இரண்டு பேர்;
இரண்டு பேருக்கு ஒரு படிவம் செல்லாது.
கறாரான ஆள் என்று எனக்குப் பெயர்.
பொய்யில்லை.

சாத்துர்னினா லிமாச்சி மூன்றாவது வருஷமாக வருகிறாள்.
முதல் வருஷம் அந்த ரோஸ்.
அடுத்த வருஷம் அந்த ஓர் எழுத்து.
இந்த முறை படம் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவப்பு,
பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றே,
கட்டணம் கட்டிய ரசீது நான்காய் மடித்து உள்ளே.
தேதிதான் பதினைந்து.
கடைசி நாள் நேற்று.

"சாலையை மறித்துவிட்டார்கள்" என்றாள்.
தெரியும். ஏரிப் பக்கத்துச் சாலையில்
மூன்று நாளாகக் கல்லும் டயர் புகையும்.
பஸ்ஸை விட்டிறங்கி நடந்திருக்கிறாள்.
பாவாடையில் முழங்கால்வரை மண்.
கெஞ்சவில்லை.
கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபம்,
கெஞ்சுகிறவர்களுக்குச் சொல்லப் பதில் வைத்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுக்குமுன்
கண் ஒருதரம் படிவத்தை மேயும், அது பழக்கம்.
வயது முப்பத்தொன்று.
பிரிவு மின் இயந்திரப் பராமரிப்பு.
இப்படிப்பை விரும்பும் காரணம் என்று
மூன்று கோடு விட்டிருப்போம்.
பையன்கள் எழுதுவது மனப்பாடம்:
நாட்டு முன்னேற்றம், குடும்ப முன்னேற்றம்.
ஒருவன் வெறும் முன்னேற்றம் என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான்.
இவள் எழுதியிருந்தாள்:

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது,
அழுக்குத் துணி வண்டியோடு நான், இரண்டு மணி நேரம்.
ஒருவர் வந்தார், பெட்டியைத் திறந்தார், ஒரே நிமிஷம், ஓடியது.
அந்த நிமிஷத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
சிரித்தார்.

மூன்று கோடு போதாமல்
அந்தச் சிரிப்பு மட்டும்
தாளின் ஓரமாக மேலேறி நின்றது.

சன்னலைத் தூக்குமுன்
தேதிச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துவது என் முதல் வேலை.
அன்று நகர்த்தவில்லை.
குளிர், விரல் விறைப்பு, மறதி,
எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.
மையில் ஒற்றினேன். குத்தினேன்.
பதினான்கு.

தலைகீழாகவே படித்துவிட்டாள்.
முத்திரையைப் பார்த்தாள், சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.
"சக்கரம் சிக்கியிருக்கிறது,
ஓர் ஊசி இருந்தால் எடுத்துவிடலாம்" என்று
ஓட்டைக்குள் கையை நீட்டினாள்.
உண்மையாகவே சொன்னாளா,
எனக்கு ஒரு வழி காட்டினாளா,
இன்றுவரை பிடிபடவில்லை.
"அடுத்து" என்றேன்.

அடுத்து நின்றவன் செருப்பிலும் அதே மண்.
அவனுக்குப் பின்னால் அக்கா தங்கை இருவர்,
ஒரே ரசீதை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு.
ஆகப் பதினொரு பேர்
அன்று நேற்று வந்தார்கள்.
பதினோராவது ஆளின் வீடு கல்லூரிக்கு எதிரே,
தூங்கிவிட்டானாம்.
அவனுக்கும் பதினான்குதான்.

மதியம் சன்னலை இறக்கிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினேன்.
விசாரணை என்று வந்தால்
சிக்கியிருந்தது என்பேன், சாட்சிக்கு ஒரு பெண் இருக்கிறாள்.
அவள் நுழைவுத் தேர்வில் தேறினாளா என்பது
மூன்றாம் சன்னலின் கணக்கு,
நான் கேட்கவில்லை.

சக்கரம் சிக்கவில்லை.
வெண்ணெயாய் நகர்ந்தது.