ஒன்பதரை நாடகத்தின் வாட்ச்மேன்

ஒன்பதரைக்குத் தக்காளிக் கணக்கை மூடிவிடுவேன்.
இன்று நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
மாதையன் வண்டி
பாலக்கோட்டை விட்டு ராயக்கோட்டை தாண்டியிருக்கும்.

டிவியில் அந்தக் குடும்பம் வந்து சோபாவில் உட்காரும்.
ஆறு வருஷமாய் அதே சோபா.
யாரும் அதில் துணி மடித்ததில்லை,
வாய் திறந்து தூங்கியதில்லை.

ஆடிட்டர் சபேசன் கஞ்சனாம்.
காபிப் பொடிக்குக் கணக்குக் கேட்பார்,
உடனே சிரிப்பொலி.
கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கிய தை மாதத்தில்
பறிகூலிக்கே கட்டாதென்று
பழத்தைச் செடியோடு விட்டுவந்தவள் நான்.
அவர் எண்ணத் தெரிந்தவர்,
அவ்வளவுதான்.

அவர் பெண்டாட்டி கோமளாவுக்கு
மறதிதான் நகைச்சுவை.
அடுப்பில் பாலை மறப்பாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மறப்பாள்.
ஒருநாளும் வளையலை மறந்ததில்லை.

மைத்துனன் விக்கி
நாலு வருஷமாய் வேலை தேடுகிறான்,
தினமும் இஸ்திரி போட்ட சட்டையில்.
போட்டுக்கொடுத்தது யாரென்று
ஒரு எபிசோடிலும் சொல்லவில்லை.

இவர்களெல்லாம் எப்படியோ போகட்டும்.
என் வழக்கு வாட்ச்மேனைப் பற்றியது.

பெயர் சின்னான். தர்மபுரிப் பக்கமாம்.
கேட்டைத் திறந்து "ஏனுங்கய்யா" என்கிறான்,
அது கோயமுத்தூர்.
மூடும்போது "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக" என்கிறான்,
அது வைகைக் கரை.
நாங்கள் வந்துக்கினு, போய்க்கினு இருப்போம்.
கோபம் வந்தால்
பாதிக் கன்னடத்தில் திட்டுவோம்.
வசனம் எழுதியவர்
தொப்பூர்க் கணவாயைத் தூக்கத்தில் கடந்திருப்பார்.

ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சிரிக்கிறார்கள்.
ஜோக் இன்னும் வரவில்லை,
ஊர்தான் வந்திருக்கிறது.

பத்தரைக்கு ஓசூரிலிருந்து மாதையன் கூப்பிடுவான்.
இன்னைக்கு என்ன கதை என்பான்.
முதலில் ஒரே ஒரு பதிலைத்தான் மாற்றினேன்.

"உங்க ஊர்ல லிப்ட் உண்டா?" என்று கேட்டார் சபேசன்.
டிவியில் சின்னான் தலையைச் சொறிந்தான்.
போனில் என் சின்னான் சொன்னான்:
"தக்காளி வெலதான் சார் எங்களுக்கு லிப்ட்.
ஏறுனா ஊரே ஏறும்.
கரண்ட் போச்சுன்னா
ஊரே நடுவுல நிக்கும்."

மாதையன் சிரித்தான், இன்ஜின் சத்தத்துக்கு மேலே.
சிரிப்பின் நடுவில் இருமல் வந்தது.
பதிவு செய்த சிரிப்பில்
இருமல் இருக்காது.

அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.
சின்னானுக்குக் கெம்பம்மாவைக் கட்டிவைத்தேன்.
பென்னாகரத்தில் ஒரு ஏக்கர் மேட்டுநிலம் எழுதிவைத்தேன்.
அடுக்குமாடிச் சங்கத் தேர்தலில் நிற்கச் சொல்லி
மூன்று ஓட்டில் தோற்கடித்தேன்.
ஜெயித்தானென்றால் மாதையன் நம்பமாட்டான்.
சபேசனை ராத்திரியில் கீழே இறக்கி
அவனிடம் பீடி கேட்கவைத்தேன்.
கோமளாவுக்குக்கூட ஒருநாள் மனசிரங்கி
ஒரு வளையலைத் தொலைக்கக் கொடுத்தேன்.
விக்கிக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை.
அவன் சட்டையை அவனே இஸ்திரி போட்டுக்கொள்ளட்டும்.

நேற்று மழை, பெட்டி குறைச்சல்.
வண்டி சீக்கிரமே கிளம்பிவிட்டது.
ஓசூர் மேம்பாலத்துக்குக் கீழே பஞ்சர்.
பக்கத்து டீக்கடையில் டிவி.
முழுசாய்ப் பார்த்துவிட்டான்.

பத்தரைக்குப் போன் வந்தது.
ஸ்டெப்னியில் காற்று இருந்ததா என்றேன்.
தார்ப்பாய் ஒழுகியதா என்றேன்.
மண்டியில் இன்று என்ன விலையாம் என்றும் கேட்டேன்.

"ஏம்மே," என்றான்,
"சின்னானுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?
கேட்டைத் தொறந்தான், மூடுனான்.
ஒரு வார்த்த பேசலியே."

மழைச் சத்தம், யாரோ டீ கேட்கும் சத்தம்.

"நாளைக்குப் பேசுவான்," என்றேன்.