காலி எடை

எளாவூர் தாண்டி ஆரம்பாக்கம் போகிற சாலையில்
ஒரு எடைமேடை. சீட்டு எழுதுகிறவன் நான்.
நெல்லூர் அரிசி, கூடூர் எலுமிச்சை,
பெயர் சொல்லாத தார்ப்பாய் மூட்டைகள்,
எல்லாம் என் சன்னல் முன் நின்று
மூச்சுவிட்டுப் போகும்.

மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழையில்,
மேடைக்கடியில் ஓடும் ஒயரின் தோலை எலி தின்றது.
எண்கள் குதித்தன.
இருபது டன், பூஜ்யம், பதினாலு, பூஜ்யம்.
முனிரத்தினம் குப்புறப் படுத்து உள்ளே போய்க்
கறுப்பு டேப் சுற்றிவிட்டு வந்தான்.
அதே மாதம்தான் என் இடது கால்
செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தது.
சென்னைப் பெரியாஸ்பத்திரியில் படம் பார்த்த டாக்டர்
மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார்,
நரம்பின் தோல் என்றார்.
எலி எது என்று கேட்டேன்.
உங்கள் உடம்பேதான் என்றார்.
டேப் பற்றி நான் கேட்கவில்லை.

சூளூர்பேட்டையில் ஹைமாவதி, பிசியோதெரபிஸ்ட்.
ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன்.
கணுக்காலில் அரைக் கிலோ மணல்பை கட்டி
"காலு எத்தண்டி" என்பார்.
நம் கால்தான் அவர்களுக்குக் காலு.
ஆனால் கால், அரை, முக்கால் என்று நான் உயரத்தை எண்ணியபோது
முதல் கால் அவருக்குப் புரியவில்லை.
நாலில் ஒரு பங்கு என்றேன்.
சிரித்தார். தமிழில் முயன்றார்:
"இன்னிக்கு கால். நாளைக்கு அரைக்கால்!"
அரைக்கால் என்றால் அதிலும் பாதி என்று
நான் திருத்தவில்லை.
சில நாளைக்கு அவர் சொன்னதே சரியாக இருந்தது.

பங்குனி பிறந்தால் பதினோரு மணிக்கு மேல்
காலுக்குள் யாரோ ஈர மணலைக் கொட்டுகிறார்கள்.
ஓனரிடம் கேட்டு விடியற்கால ஷிஃப்டுக்கு மாறினேன்.
ஐஸ்தண்ணீர் கேன். கழுத்தில் நனைத்த துண்டு.
இரண்டு லாரிக்கு நடுவே மேசை விளிம்பைப் பிடித்து
உட்கார்ந்து எழுவது, எட்டு முறை.
பத்து முடியும் போலத்தான் இருக்கும்.
இருந்தாலும் எட்டு.
மிச்ச இரண்டு சாயங்காலம் மாடிப்படிக்கு.
இது புரிய ஒரு வருடம் ஆயிற்று.
வீராப்பாய் முப்பது எழுந்து மூன்று நாள் படுத்தேன்.
பயந்துபோய்த் தை மாதம் முழுக்கப் படுத்தேன்;
நோய் தொடாத வலது தொடையும் சூம்பிவிட்டது.

போன வாரம் சீட்டை நீட்டப் படி இறங்கியவன்
தள்ளாடினேன்.
"காலங்காத்தாலயே சரக்கா அண்ணே?"
சேலத்து வண்டி, சின்னப் பையன்.
முனிரத்தினம் எகிறினான்.
அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்,
தடுக்க அல்ல, விழாமலிருக்க.
"சரக்கு உன் வண்டியில தம்பி.
நான் காலி எடை."
பையன் என் கைத்தடியைப் பார்த்தான்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
நேற்றுத் திரும்பி வந்தபோது
தானே இறங்கி வந்து சீட்டை வாங்கிப் போனான்.

வண்டி இல்லாத நேரம், இன்னும் இருட்டு,
மேடையின் நீளத்தை நடக்கிறேன். அறுபது அடி.
இந்த எந்திரம் பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
மணல்பையை மட்டும் வைத்தால் பூஜ்யம் என்கிறது.
அந்தப் பூஜ்யத்தைத் தூக்கத்தான்
எனக்கு ஒரு காலை முழுக்க ஆகிறது.
ஐம்பத்தெட்டு கிலோ ஆளை அறுபது என்கிறது.
கேட்காமல் கிடைத்த இரண்டு கிலோ, இருக்கட்டும்.
பாதியில் ஒருமுறை நிற்கிறேன்,
களைப்பு வந்த பிறகு அல்ல, வருமுன்.
மறுபடி நடை.

தடா பக்கமிருந்து விளக்கு. ஹாரன்.
கையை உயர்த்தி, இரு, என்று காட்டுகிறேன்.
நாற்பத்தைந்து அடி ஆயிற்று.
முக்கால் முடிந்தது.
மிச்சம் கால்.