கட்டைவிரல்

கொம்பனித்தெருவில், மூன்றாம் மாடியில்,
இரட்டைக் கம்பிக் கதவுக்கு உள்ளே,
பச்சைத் துணி விரித்து
மூன்றை வரிசையாக வைக்கிறார் லொக்குகே.
செட்டியார் தெருவில் நான் மீட்ட நகையை
எடுத்து வைப்பதும் இப்படித்தான்.
என் துணி சிவப்பு.

"நோனாவுக்குச் சின்னதுதான் சரி," என்றார்.
கைப்பைக்குள் அடங்கியது.
ஸ்லைட் மட்டும் ஒரு நூலளவும் அசையவில்லை.
சின்னதுக்குத்தான் ஸ்பிரிங் முரடு,
கட்டையான ஆட்களின் கோபம் மாதிரி.
இதை அவர் சொல்லியிருக்க வேண்டும்.
என் மணிக்கட்டுத்தான் சொன்னது.

இரண்டாவது, ரிவோல்வர்.
பின்னால் இழுக்க ஒன்றும் இல்லை,
விசையை மட்டும் அழுத்தினால் போதும்.
அந்த விசை பம்பலப்பிட்டியிலிருந்து காலிவரை நீளம்.
பாதி வழியில் சுட்டுவிரல் நின்று நடுங்கியது.
காலையில் பற்பசை மூடியோடு
பத்து நிமிடம் மல்லுக்கட்டிய விரல் அது,
அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அனுமதிக்கு அலைந்தபோது
பத்து ரேகையும் கேட்டார்கள்.
மையில் உருட்ட வராமல் அந்தப் பொலிஸ்காரர்
"கொஞ்சம் நேராக்குங்கோ" என்று கெஞ்சினார்.
நேராகும் விரலென்றால்
நான் ஏன் அய்யா உங்களிடம் வருகிறேன்?

நேராக இருந்த காலமும் உண்டு.
தொண்ணூற்றாறில், மருதானைச் சந்தியில்,
பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்தி
கையைத் தூக்கு என்றபோது
பத்தும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன.
பச்சை உடுப்புக்காரப் பையனுக்கு
மீசைகூட சரியாக அரும்பவில்லை.
அவன் கையில் பெரியது.
எனக்கெதற்கு இப்போது இந்த ஞாபகம்,
லொக்குகே மூன்றாவதை நீட்டுகிறார்.

இருபத்திரண்டு.
பாரமாக இருந்தது.
பாரம் நல்லதாம், உதையை அதுவே வாங்கிக்கொள்ளுமாம்.
"பின்னுக்கு இழுக்காதீங்க நோனா.
ஸ்லைடை உள்ளங்கையால் பொத்திப் பிடிச்சு
மற்றக் கையால் துவக்கை முன்னுக்குத் தள்ளுங்க.
விரலை மறந்திடுங்க, தோளால் செய்யுங்க."
தள்ளினேன்.
திறந்தது.

அந்தச் சத்தம்.
அதை நான் எப்போதும்
மற்றப் பக்கத்தில் நின்றுதான் கேட்டிருக்கிறேன்.

பிறகு குண்டு நிரப்பும் வேலை.
முதலாவது போனது. இரண்டாவது போனது.
மூன்றாவதுக்குப் பல்லைக் கடித்தேன்.
நாலாவதில் கட்டைவிரல் கைவிரித்தது.
நிரப்ப உதவும் பிளாஸ்டிக் சாமான் ஒன்று உண்டாம்,
ஸ்டொக் முடிந்ததாம், அடுத்த மாதமாம்.
துணைக்கு வந்த ஸிம்ரா
மருதோன்றி இன்னும் சிவந்திருந்த கையால்
வாங்கி, டிக் டிக் டிக் என்று
பத்தையும் உள்ளே தள்ளிவிட்டு
"அவ்வளவுதானா மேடம்?" என்றாள்.

கடைக்கு அவர்கள் வந்த அன்றும்
அவள்தான் பக்கத்தில் நின்றாள்.
ஹெல்மெட் கழற்றாத இரண்டு பேர்.
பெட்டியைத் துடைத்தெடுத்த பிறகு
என் மோதிரத்தில் ஒருவனுக்குக் கண்.
வீங்கிய மூட்டைத் தாண்டி அது வரவில்லை.
இழுத்து இழுத்துக் களைத்து
திருடனே கேட்டான், சவர்க்காரம் இருக்கா என்று.
இருந்தது. ஸிம்ரா எடுத்துக் கொடுத்தாள்.
விரலோடு போகாமல் மோதிரத்தோடு போனதற்கு
அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

முச்சக்கர வண்டியில் திரும்பும்போது
மடியில் பெட்டி, அதன் மேல் பற்றுச்சீட்டு.
பேரன் ஓடித்திரியும் வீடு,
ஆகவே இரவில் வெறுமையாக்கிப் பூட்டவேண்டும்,
காலையில் கடையில் திரும்ப நிரப்பவேண்டும்.
வைத்திருப்பவர் என்ற இடத்தில் என் பெயர்
மூன்று மொழியிலும் சரியாக இருக்கிறது.
கட்டைவிரல் யாருடையது
என்று கேட்கும் கட்டம் எதிலும் இல்லை.

லேக் ஹவுஸ் சந்தி நெரிசலில்
ஸிம்ரா மெதுவாகக் கேட்டாள்:
பேருவளையில் மாமி மகளுக்குக் கல்யாணம்,
வெள்ளிக்கிழமை லீவு தருவீங்களா?

தந்தேன்.
வெள்ளிக்கிழமை, மூன்று.