தலையணைப் பஞ்சு

முசஃபா சனையாவில் பழைய இரும்புக் கடைக்காரன்
நொறுங்கிய பாட்ரோல் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்தான்
பத்து அங்குல ஊஃபர்.
முப்பது கேட்டான். இருபத்திரண்டு திர்ஹமுக்குப் படிந்தது.
ரப்பர் விளிம்பெல்லாம் மணல். ஊதினேன்.
கூம்பை இரு பெருவிரலால் அழுத்தினால்
உரசாமல் உள்ளே போய் உரசாமல் திரும்பியது.
உயிர் இருக்கிறது.

பெட்டிக்கு, சைட்டில் மிஞ்சிய எம்.டி.எஃப் பலகை.
மூலைகளுக்கு, டக்ட் வேலைக்கு வாங்கிய சிலிக்கான்.
காற்றை ஒழுகவிடாமல் அடைப்பதுதான் என் பிழைப்பு,
பதினோரு வருஷமாக.
ஒரு பெட்டியை மூடத் தெரியாதா எனக்கு.

மூடினேன். போட்டேன்.
பாஸ் வரவில்லை, தும் வந்தது.
தபேலாவுக்கும் தும், கிட்டாருக்கும் தும்,
ஒற்றை வார்த்தை கற்ற கிளியைப் போல.
பக்கத்து அறைச் சுவரில் தர்வேஷ் கான்
செருப்பால் அடித்தார்.
இரவெல்லாம் டேங்கர் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர்.
அவர் அடித்ததும் என் பெட்டி அடித்ததும்
ஒரே சுருதி.

குற்றம் காற்றின் மேல்தான்.
கூம்பு பின்னால் தள்ளும்போது அதற்கு ஓட வழியில்லை.
அமுங்குகிறது, சூடேறுகிறது,
சுருள்வில்லாகத் திமிறி
கூம்பை எட்டி உதைக்கிறது.
உள்ளே பஞ்சு இருந்தால் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.
காற்று நிதானப்படும்.
பெட்டி தன்னைக் கொஞ்சம் பெரிய பெட்டி என்று
நினைத்துக்கொள்ளும்.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் படுக்கிறோம்,
எங்களுக்கு யாரும் இந்த வித்தையைச் சொல்லவில்லை.

கண்ணாடிக் கம்பளி சைட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது.
வேண்டாம்.
வாரம் ஆறு நாள் அது என் கழுத்தில்,
முழங்கை மடிப்பில், அரித்துக்கொண்டிருக்கிறது.
லீவு நாளிலுமா.

மேல்கட்டிலில் எபினேசரின் தலையணை இருந்தது.
விசா கேன்சலாகிப் போனவர்,
பெட்டியில் இடமில்லை என்று விட்டுப்போனது.
கோடாலித் தைல வாசனை.
தையலை பிளேடால் கிழித்தேன்.
உள்ளே வெள்ளை வெளேரென்று பாலியெஸ்டர்,
அவருடைய மூன்று வருஷக் குறட்டை எதுவும்
அதில் ஒட்டியிருக்கவில்லை.

பேராசையில் எல்லாவற்றையும் திணித்தேன்.
ஈரச்சாக்கு போர்த்திய மாதிரி செத்துப்போனது சத்தம்.
ஒரு பிடி எடு. எட்டு திருகாணி பூட்டு. கேள்.
எட்டு திருகாணி கழற்று. இன்னொரு பிடி.
எடுத்ததை விரலால் பிரித்துப் பிரித்து உதறி,
காந்தத்தின் முதுகுத் துளையை அடைக்காமல்
மறுபடி பரப்பு.

மூன்றாவது பிடியில் காகிதம் ஒன்று தட்டுப்பட்டது.
நாலாய் மடித்த எக்ஸ்சேஞ்ச் ரசீது.
பின்பக்கம் பென்சிலில்:
பக்காலா ஹம்சா 115
பிஜு 60
சிவஞானம் 200 (அடித்திருக்கிறது)
கீழ்க்கட்டில் 40.

கீழ்க்கட்டில் நான்தான்.
நாற்பது திர்ஹம் எப்போது கொடுத்தேன், எதற்கு,
சத்தியமாக நினைவில்லை.
மனிதர் அதன்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறார்.

பஞ்சோடு பஞ்சாக உள்ளேயே போட்டு
மூடிவிடலாமென்று ஒரு நிமிஷம் தோன்றியது.
கூடாது.
காகிதம் உள்ளே கிடந்தால் முப்பது ஹெர்ட்ஸில் படபடக்கும்.
எவ்வளவு பஞ்சு வைத்தாலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எட்டாவது திருகாணி.
இப்போது தவிலின் தொப்பிப் பக்கம்
தொப்பிப் பக்கமாகவே கேட்டது.
விரல் விழுவதும், தோல் அதிர்வதும்,
அதிர்ந்தது அடங்குவதும்.
அடங்குகிறது பாருங்கள், அதுதான் விஷயம்.
செருப்புச் சத்தத்துக்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
வரவில்லை.
தர்வேஷ் கான் தூங்குகிறாரா, அறையிலேயே இல்லையா,
போய்ப் பார்க்கவில்லை.

மிச்சப் பஞ்சை உறைக்குள் தள்ளித் தைத்து
மேல்கட்டிலில் போட்டேன்.
பாதி கனம்கூட இல்லை.
திங்கட்கிழமை புது ஆள் வருகிறானாம்.
கேட்டால் சொல்ல வேண்டும்,
ஏதாவது.