பிறகு நினைவூட்டு

ஒக்டோபரோடு இந்தக் கணினிக்குக் காவல் முடிந்தது
என்று மூலையில் ஒரு நீலப் பெட்டி.
"பிறகு நினைவூட்டு" அழுத்தினேன்.
எத்தனையாவது தடவை, எண்ணவில்லை.

எட்மன்டனில் இன்று கழித்தல் முப்பத்தொன்று.
காரே பத்து நிமிடம் யோசித்துத்தான் இயங்குகிறது.
இதற்குப் பதினொன்று.
அதற்குள் தேநீர் ஊற்றலாம், குடிக்கலாம்,
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் வைக்கலாம்.

யோகச்சந்திரன் கணக்குச் சொன்னான்:
நினைவகம் கூட்ட நூற்றிருபது டொலர்,
புதுசை ஏற்றினால் இன்னும் நாலு வருஷம் ஓடும்.
ஓடாமலும் விடும்.
ஏற்றட்டோ, விடட்டோ?

சாட்டுக்கு ஒரு கோப்பைக் காட்டினேன்.
அகதி விசாரணைக்குப் பாமினியில் அடித்த ஒன்பது பக்கம்.
மகளின் புதுக் கணினியில் திறந்தால்
"நான்" என்று தொடங்கிய வாக்குமூலம்
ஈ, எச், டி, அரைப்புள்ளி
என்று தொடங்குகிறது.

அவன் சிரித்தான்.
"எழுத்துருவைப் போட்டா வந்திடும் அண்ணை."
இரண்டு நிமிடம். வந்துவிட்டது.
நான் இருந்தேன். ஊர்ப்பெயர் இருந்தது.
மூன்றாம் பக்கத்தில் அந்தத் திகதியும் இருந்தது,
பிழையாகவே.
விசாரித்தவர் கவனிக்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.

இனிச் சாட்டு இல்லை.
எல்லோரும் படுத்த பிறகு ஏற்றத் தொடங்கினேன்.
"உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்"
என்கிறது திரை.
அப்படியேயா?

பதினேழு வீதம்.
அணைக்க வேண்டாமாம்.
விசிறி இரைகிறது.
மேசையில் வைக்க மனமில்லை,
மடியில் வைத்திருக்கிறேன்,
நல்ல சூடு.