நூற்றில் ஏழு

வில்னியஸில் டிசம்பர்.
நாலு மணிக்கு முன்பே சூரியன்
கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது.
மூன்றாம் மாடியில் ஔஸ்தேயா
யாரும் பார்க்க முடியாத விளக்கொன்றை
ஏற்றுகிறாள், அணைக்கிறாள், ஏற்றுகிறாள்.

எரிகிறதா என்றறிய
பழைய டிராலிபஸ் சீட்டை நீட்டுவாள்.
தாள் நீலம் பூத்தால் எரிகிறது.
கண்ணுக்கு எட்டாததைக்
காகிதம் பார்த்துச் சொல்லும்.

கடுகைவிடச் சிறியது அந்தச் சில்லு.
உள்ளே நூறு ஒளித்துகள் பிறந்தால்
வெளியே வருவது நாலு.
மற்றவை
சாய்வாய்ப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி,
எதிர்ச்சுவரில் முட்டித் திரும்பி,
மின்சாரம் நுழையவென்று வைத்த அடுக்கே
வாய்திறந்து விழுங்க
வெறும் சூடாகிப் போகின்றன.
குடத்திலிட்ட விளக்கென்றால்
குடத்தை உடைக்கலாம்.
இங்கே குடம்தானே விளக்கு?

இரண்டு ஆண்டு.
அடுக்கை மெலிதாக்கினாள், மின்சாரம் முரண்டியது.
அடியில் அலுமினியம் பூசினாள், அரைக்கால் ஏறியது.
படிகத்தின் முதுகைத் தேய்த்தாள், தேய்த்தாள்,
தன் புருவமுடி எண்ணும் அளவுக்கு.

செவ்வாய்க்கிழமை தௌத்வீதாஸ்
ஒரு சில்லைப் பொட்டாஷ் கரைசலில் போட்டான்.
இரண்டே நிமிடம், கழுவி எடுக்க.
அப்போது பார்த்து வீட்டுக்காரர் தொலைபேசி:
கொதிகலன் ஒழுகி
சமையலறையில் கணுக்கால் தண்ணீர்.
கத்தி ஓய்ந்து திரும்பினால்
இருபத்திரண்டு நிமிடம்.

பனி படிந்த ஜன்னலாய் மங்கிக் கிடந்தது முதுகு.
“குப்பைக்கா?”
“அளந்துவிட்டுப் போடு.”

ஏழு.

அளவியைத் திட்டினார்கள். கம்பியை மாற்றினார்கள்.
பழைய சில்லை வைத்தார்கள்: நாலு.
இதை வைத்தார்கள்: ஏழு.

நுண்ணோக்கியில்
ஆறு பட்டைக் கூம்புகள், ஆயிரமாயிரம்,
ஒன்றைப்போல் ஒன்றில்லை.
சாய்ந்து வந்த ஒளிக்கு
எங்கோ ஒரு சரிவு நேர்நின்று
வழிவிட்டிருக்கிறது.
மழமழப்புதான் பூட்டென்று
இரண்டு ஆண்டு தேய்த்தவளிடம் யார் சொல்வது?
அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.
அப்புறம் பசி.

பதிவேட்டில் தௌத்வீதாஸ்
நேரத்தை எழுதினான்.
‘காரணம்’ என்ற கட்டத்தில் சற்று யோசித்து
‘கொதிகலன்’ என்று எழுதினான்.

அவள் சீட்டை நீட்டினாள்.
நீலம், நேற்றையதைவிடத் தடித்த நீலம்.
பிறகு அணைத்துவிட்டு
தட்டின் அடியில் விரல் வைத்தாள்.
வெளியேறாத தொண்ணூற்று மூன்றும்
அங்கே இருந்தன,
வெதுவெதுப்பாய்.