உறுப்பினர் வருகை: ஒன்று

கீழமாரட் வீதியில்
வெங்காய மூட்டைகளின் நெடிக்கு மேலே
மாடியில் இருக்கிறது எங்கள் கூடல் மனமகிழ் மன்றம்.
ஒரு மேசை, ஒரு பீரோ,
ஒரு கால் ஆடும் கேரம் பலகை,
பேரேட்டில் நாற்பத்தொரு உறுப்பினர்.
ஊருக்கே கூடல் என்று பெயர்.
கூட்டத்துக்குத்தான் ஆள் கூடுவதில்லை.
விதி ஒன்பது சொல்கிறது,
பதினோரு பேர் இருந்தால்தான் தீர்மானம் என்று.
மூன்று வருடமாக
நாங்கள் எதையும் தீர்மானிக்கவில்லை.

ஆனாலும் மாதக் கடைசியில்
வட்டாரச் செய்தி போயாக வேண்டும்.
நான்தான் தட்டச்சு செய்கிறேன்,
இரண்டு பக்கம், நாற்பத்தொரு நகல்.
திருமங்கலம் கிளையில்
பூப்பந்துத் திடலின் விளக்கு எரியவில்லை.
மேலூரில் கால்வாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது,
அதனால் ஒருவரும் மன்றத்துக்கு வரவில்லை.
வாடிப்பட்டி சீனி முகம்மது
மகன் பல் டாக்டரானதை எழுதச் சொல்லி
மூன்று தடவை போன் செய்துவிட்டார்.
போன இதழில்
சாவுக்கு நாலு வரி, கல்யாணத்துக்கு ஒரு வரியா என்று
அமலோற்பவம் டீச்சர் இன்னும் கோபமாக இருக்கிறார்.
கல்யாணம் அவர் வீட்டில், சாவு என் வீட்டில்.
நான் பதில் சொல்லவில்லை.

சேடபட்டியிலிருந்து மட்டும்
அஞ்சலட்டை வரும்.
பேய்க்காமன் எழுதுவார்,
நீல மையில், அடிக்கோடு போட்டு:
மழை, இரண்டு தூறல்.
உறுப்பினர் வருகை, ஒன்று.

ஒன்று என்றால் அவர்தான்.
அவரே கதவைத் திறந்து, அவரே கையெழுத்துப் போட்டு,
அவரே பூட்டிக்கொண்டு போவார்.
அச்சில் பார்க்க நன்றாக இல்லையே என்று
‘குறைவு’ என மாற்றிப் போட்டேன்.
அடுத்த வாரம் ஒரு அட்டை:
இணைச்செயலாளர் அம்மா அவர்களுக்கு,
குறைவு என்று போட வேண்டாம்.
ஒன்று என்றே போடவும்.
ஒன்று வந்தது.

இந்த ஆவணியில் ஒரு தப்புச் செய்தேன்.
வரி மாறி விழுந்து,
ஆண்டுப் பொதுக்கூட்டம்
சேடபட்டிக் கிளையில் என்று
நாற்பத்தொரு நகலும் தபாலில் போய்விட்டன.
திருத்தம் போடலாம் என்றார் பொருளாளர்.
தபால் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு
வேண்டாம் என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான்
உசிலம்பட்டியில் பஸ் மாறிப் போனேன்.
கிளை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது.
பந்தல்காரரிடம் எடுத்த சிவப்பு நாற்காலிகள்
இருபத்தைந்து,
வெயிலில் சூடேறி வரிசையாக நின்றன.
பேய்க்காமன் சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டிருந்தார்.
தப்பாக அச்சாகிவிட்டது என்று
நாக்கு நுனி வரை வந்தது.
“எத்தனை பேர் வருவாங்கம்மா?” என்றார்.
பார்க்கலாம் என்றேன்.

ஏழு பேர் போயிருந்தோம்.
அவரோடு எட்டு.
இன்னும் மூன்று வேண்டும்.
டீ கொண்டுவந்த பையனை எண்ணக் கூடாதென்று
விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார் பொருளாளர்.
சந்தா கட்டினால் எண்ணலாம் என்றார் சீனி முகம்மது.
பையன் தம்ளரை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

தீர்மானம் ஒன்றும் இல்லை.
சீனி முகம்மது மகன் படத்தைச் சுற்றுக்கு விட்டார்.
அமலோற்பவம் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு
என் பக்கம் திரும்பி,
“உங்க அண்ணனுக்கு எத்தனை வயசு?” என்றார்.
அறுபத்திரண்டு.
“நாலு வரி கம்மிதான்” என்றார்.
மூன்றரை பஸ்ஸை விட்டோம்,
ஐந்தேகால் பஸ்ஸையும்.
உட்காராத பதினேழு நாற்காலிகளையும்
பேய்க்காமன் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்.

புரட்டாசிக்கு வந்த அட்டை:
மழை, இல்லை.
உறுப்பினர் வருகை, ஒன்று.
நாற்காலி வாடகை பாக்கி, இருநூறு.

மாற்றாமல் அப்படியே அடித்தேன்.